கடற்புறா எந்தப் பறவை?

மெர்சிங் படகுத்துறையில் தியோமான் படகுக்குக் காத்திருக்கும்போது தலைக்கு மேலே வெள்ளையாக எது பறந்தாலும் நம்மவர்கள் கடற்புறா என்பார்கள். பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரர் சாமார் என்பார். இரண்டு சொல்லும் ஒரே பறவையைத்தான் சொல்கின்றன என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் ஜொகூரின் கிழக்குக் கரையில் நாம் அண்ணாந்து பார்ப்பது பெரும்பாலும் ஆலா. பிளவுபட்ட வால், ஒடுங்கிய சிறகு. பறந்துகொண்டே குறிபார்த்து நீருக்குள் பாய்கிற பறவை அது. தமிழ்ப் புத்தகங்கள் கடற்புறா என்று எழுதுவதோ கடற்காகத்தை. அது இங்கே எப்போதாவது குளிர்காலத்தில் தலைகாட்டினால் உண்டு. நீரிணையைக் கடந்து பாத்தாமுக்குப் போனால் ஆலாவின் பெயர் டாரா லாவுட். இந்தோனேசியர் புறாவை புரோங் டாரா என்கிறார்கள். லாவுட் என்றால் கடல். ஆக, ஒரு நீரிணையின் இந்தக் கரையில் கடற்புறா கடற்காகத்தைக் குறிக்கிறது, அந்தக் கரையில் ஆலாவைக் குறிக்கிறது.

நம் வீடுகளில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. சாண்டில்யன் குமுதத்தில் தொடராக எழுதி மூன்று பாகங்களாக வெளிவந்த 'கடல் புறா'வைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அது ஒரு கப்பலின் பெயர். கடாரமும் ஸ்ரீவிஜயமும் வருகிற கதை என்பதால் மலேசியத் தமிழர் அதைத் தங்கள் ஊர்க் கதையாகவே கொண்டாடினார்கள். அந்த நாவல் தந்த அழகினால்தான் கடற்காகம் என்ற நாட்டுச் சொல் பின்னுக்குப் போய், கடற்புறா முன்னுக்கு வந்தது என்பது என் கணிப்பு. காகத்தைவிடப் புறா காதுக்கு இதமாக இருக்கிறது.

ஆனால் உலகக் கடல்களில் இந்தப் பெயருக்கு உரிமை கோருகிற பறவைகள் மேலும் உண்டு. வட அட்லாண்டிக்கில் கில்லெமாட் என்ற கறுப்புப் பறவையைப் பழைய மாலுமிகள் கடற்புறா என்றும் கிரீன்லாந்துப் புறா என்றும் அழைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிறவர்கள் சிறு கடற்புறா என்று பொருள்படும் சொல்லால் அழைப்பது தெற்குப் பெருங்கடலின் பறவை ஒன்றை. ஆங்கில மாலுமிகள் அதைக் கேப் புறா என்றார்கள். பிரேசிலின் போர்த்துக்கேய மொழியிலும் அது கேப் முனையின், அதாவது நன்னம்பிக்கை முனையின், புறாதான். கடற்காகம், ஆலா, கில்லெமாட், இந்தத் தென்கடல் பறவை ஆகிய எதற்கும் புறாவோடு உறவில்லை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதன் பெயர்தான் இந்தக் கட்டுரையின் பொருள். அந்தப் பெயரின் வழியே போனால் சோழமண்டலக் கரையின் சாயப்பட்டறைகளில் போய் நிற்போம் என்பதே என்னை இதை எழுத வைத்தது.

முதலில் பறவை. அது பெட்ரல் என்னும் கடற்பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 40 செ.மீ. நீளம், சிறகை விரித்தால் 90 செ.மீ. வரை வரும். தலை கறுப்பு. முதுகும் சிறகின் மேற்புறமும் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகத் தெளித்து வைத்ததுபோல் இருக்கும். வெள்ளை வாலின் நுனியில் ஒரு கறுப்புப் பட்டை. அண்டார்டிக்காவின் பாறைச் சரிவுகளிலும், தெற்கு ஜார்ஜியா, கெர்குலென், ஹெர்ட் போன்ற தீவுகளிலும் கூழாங்கல்லைக் கூட்டிக் கூடு வைத்து நவம்பரில் ஒரே ஒரு முட்டையிடுகிறது. தாயும் தந்தையும் மாறி மாறி 45 நாள் அளவில் அடைகாக்கின்றன. யாராவது கூட்டை நெருங்கினால் வயிற்றிலிருக்கும் நாற்றமெடுத்த எண்ணெயை அவர்கள் மேல் பீய்ச்சும். உணவு பெரும்பாலும் கிரில் என்னும் சிறு இறால் இனம். அமைதியான நீரில் மிதந்துகொண்டு தலையை ஆட்டி ஆட்டி நீரின் மேற்பரப்பைக் கொத்தும். கோயில் வாசலில் சிந்திய தானியத்தைப் புறாக் கூட்டம் கொத்துகிற காட்சிதான் அது. மாலுமிக்கு அந்த ஞாபகம் வந்ததில் வியப்பில்லை.

இப்பறவை கப்பல்களை விடாமல் தொடரும். சமையலறைக் கழிவு கடலில் விழும் இடமெல்லாம் கூட்டமாக இறங்கும். திமிங்கில வேட்டை நடந்த காலத்தில் தெற்கு ஜார்ஜியாவின் துறைகளில் கொழுப்புத் துண்டுக்காக அவை மொய்த்தன. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் போன பயணிகள் பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டு அவற்றைப் பிடித்தார்கள். மனிதரோடு இவ்வளவு நெருங்கிய பறவை என்பதால்தான் அதற்குப் பல பெயர்கள் சேர்ந்தன.

மாலுமிகளின் பெயரிடும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தென்கடலில் அவர்கள் வைத்த பெயர்களை வரிசையாகப் படித்தால் ஒரு பண்ணை வீட்டின் முற்றம் கண்ணில் விரியும். இந்தப் பறவை கேப் புறா. வெண்தாடைப் பெட்ரல் கேப் கோழி. ஆல்பட்ராஸ் கேப் ஆடு. புயற்பறவைகள் கேரி அன்னையின் கோழிக்குஞ்சுகள். பெரிய பெட்ரல் அதே அன்னையின் வாத்து. தாஸ்மேனியாவில் கூடு வைத்து வடபசிபிக் வரை போய்த் திரும்பும் குறுவால் ஷியர்வாட்டர் ஆட்டிறைச்சிப் பறவை. இந்தக் கடைசிப் பறவை சிங்கப்பூர் நீரிணையிலும் பதிவாகியிருக்கிறது. நமக்கு அவ்வளவு அந்நியமானதல்ல.

இந்தப் பெயர்களில் பசி இருக்கிறது. உப்பிட்ட இறைச்சியும் பூச்சி விழுந்த ரொட்டியும் தின்று மாதங்களைத் தள்ளியவன், பறக்கும் ஒவ்வொன்றிலும் ஊரில் விட்டுவந்த கோழியையும் ஆட்டையும் கண்டான். 1790இல் சிரியஸ் என்ற கப்பல் நார்ஃபோக் தீவில் உடைந்தபோது அங்கே சிக்கிக்கொண்டவர்களைக் காப்பாற்றியது ஒரு மலைச்சரிவில் வளை தோண்டி வாழ்ந்த பெட்ரல் இனம். நன்றியோடு அதற்கு இறையருட் பறவை என்று பெயர் வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் பிடித்துத் தின்றார்கள். சில ஆண்டுகளில் அந்த மலையில் அந்தப் பறவை அற்றுப்போனது. லார்ட் ஹோவ் தீவில் இனம் தப்பியது.

நாமும் இப்படிப் பெயர் வைக்காதவர்கள் அல்ல. கடற்குதிரை, கடற்பன்றி, கடற்பசு என்று தரையின் உயிர்களைக் கடலில் கண்டிருக்கிறோம். இதில் கடற்பசு நல்ல பாடம். பாக் நீரிணையில் மீன்பிடிக்கிறவர்கள் அந்த விலங்கை ஆவுளியா என்பார்கள். கடற்பசு என்பது பெரும்பாலும் செய்தித்தாளின் சொல். தமிழ்நாடு அரசு 2022இல் பாக் விரிகுடாவில் அதற்கொரு பாதுகாப்பகம் அறிவித்தபோதும் அந்தப் பெயரே ஓங்கி ஒலித்தது. அதே விலங்கு இங்கே மெர்சிங்குக்கு எதிரே சீபு, திங்கி தீவுகளைச் சுற்றிய கடற்புல் வெளிகளில் மேய்கிறது. மலாய்க்காரர் டுயோங் என்கிறார்கள். மலாய்த் தீவுகளின் சொல்லே உலக மொழிகளில் டுகாங் என்று ஏறியது. விலங்கோடு வாழ்கிறவனின் சொல்லை உலகம் எடுத்துக்கொண்டது. நாமோ ஆவுளியாவைக் கரையில் விட்டுவிட்டு, புத்தகத்துக்கென்று வேறு சொல் செய்துகொண்டோம். இந்தத் தவறு பறவைப் பெயர்களிலும் நடக்கிறது.

இனி, இந்தப் பறவையின் இன்னொரு பெயர். கேப் புறா என்று ஆங்கிலேயர் சொல்லத் தொடங்கும் முன்பே போர்த்துக்கேயச் சொல்லால் அதற்குப் பெயர் இருந்தது: பிந்தாதோ. தீட்டப்பட்டது, வண்ணமிட்டது என்று பொருள். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1699இல் நியூ ஹாலந்துக்கு, அதாவது இன்றைய ஆஸ்திரேலியாவுக்கு, போன பயணத்தைப் பற்றிய நூலில் இதைப் பிந்தாதோப் பறவை என்றே எழுதிப் படமும் போட்டிருக்கிறார். பெட்ரல் என்ற சொல்லுக்கு விளக்கம் சொன்னவரும் அவரே. நீரின் மேல் கால் பாவி நடப்பதுபோல் பறப்பதால், ஏரி மேல் நடந்த பீட்டரின் நினைவாக மாலுமிகள் அப்படி அழைத்தார்கள் என்கிறார். அந்த விளக்கத்தை மொழியியலாளர் எல்லாரும் ஏற்பதில்லை. பிந்தாதோவுக்கு அந்த ஐயமே வேண்டாம். பறவையின் சிறகைப் பார்த்தாலே பொருள் விளங்கிவிடும்.

அதே 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பிந்தாதோ என்ற சொல் கடல் வாணிகத்தில் வேறொரு பொருளிலும் நாள்தோறும் புழங்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதியான, சாயம் தீட்டிய பருத்தித் துணிகளுக்கும் அதுவே பெயர். பருத்தித் துணியைப் பதப்படுத்தி, மூங்கில் எழுதுகோலால் கோடிழுத்து, சாயம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகு பூசி, சாயவேரின் சிவப்பிலும் அவுரியின் நீலத்திலும் மாறி மாறித் தோய்த்தெடுத்த துணி. அந்தத் தொழில்தான் இன்று கலம்காரி என்ற பெயரில் மிஞ்சியிருக்கிறது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்ககாலச் சரக்குப் பட்டியல்களிலும் இச்சொல் பன்மையில் வருகிறது. மலாய் உலகத்தில் அந்தத் துணிக்குச் செராசா என்று பெயர்.

டச்சுக்காரரான லின்ஸ்கோட்டன் 1590களில் அச்சிட்ட நூலில் நாகப்பட்டினம், சாந்தோம், மசூலிப்பட்டினம் ஆகிய இடங்களின் பருத்தித் துணி மலாக்காவுக்கும் சயாமுக்கும் பெகுவுக்கும் போவதைச் சொல்கிறார். 1511இல் மலாக்கா போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தபின் அதன் சுல்தானின் வழியினர் நிறுவிய அரசுதான் ஜொகூர். 1641இல் டச்சுக்காரர் மலாக்காவைப் பிடித்தபோது ஜொகூர் அவர்களுக்குத் துணை நின்றது. அந்த டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையகமோ பழவேற்காடு. துணி கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்குவதே அவர்களின் வாணிகம். ஜொகூர் பாருவில் இன்றும் மலாய் ஆண்கள் வீட்டில் உடுத்துகிற கட்டம் போட்ட கைலிக்குக் காயின் பெலேக்காட் என்று பெயர். பழவேற்காட்டை ஐரோப்பியர் பூலிகாட் என்றார்கள், அதிலிருந்து வந்தது அந்தப் பெயர். ஓர் ஊரின் பெயர் துணியின் பெயராகி, கடல் கடந்து, ஊரை மறந்தபின்னும் வாழ்கிறது.

பிந்தாதோவும் அப்படித்தான். லிஸ்பனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போன சோழமண்டலத் துணி நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே போனது. அந்த முனையை நெருங்கும்போது கப்பலைத் தொடர்ந்து வந்தவை இந்தத் திட்டுத் திட்டான பறவைகள். இவற்றைக் கண்டால் முனை பக்கத்தில் வந்துவிட்டது என்று மாலுமிகள் அறிந்துகொள்வார்கள். கப்பலின் வயிற்றில் பிந்தாதோத் துணிகள், மேலே பிந்தாதோப் பறவைகள். துணியைப் பார்த்துத்தான் பறவைக்குப் பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பிந்தாதோ பொதுவான சொல். பிலிப்பைன்ஸில் உடம்பெல்லாம் பச்சை குத்திய விசாயா மக்களையும் ஸ்பானியர் அப்படியே அழைத்தார்கள், கினிக்கோழிக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் ஒரே கப்பலில், ஒரே வாயில், ஒரே காலத்தில் இரண்டுக்கும் ஒரு சொல் வழங்கியது. சாயத்துக்கும் மெழுகுக்கும் இடையில் வெள்ளை எட்டிப்பார்க்கிற துணியைக் கையில் எடுத்தவனுக்கும், கறுப்புக்கு இடையில் வெள்ளை சிதறிய சிறகைக் கண்டவனுக்கும் தோன்றிய சொல் ஒன்றே.

அறிவியல் பெயரும் இந்தச் சொல்லை விட்டுவிடவில்லை. லின்னேயஸ் 1758இல் இப்பறவையைப் புரோசெல்லாரியா கேப்பென்சிஸ் என்று பதிந்தார். முதற்சொல் புயலைக் குறிக்கும் இலத்தீனிலிருந்து வந்தது, இரண்டாவது கேப் முனையைச் சேர்ந்தது என்று பொருள்படும். 1826இல் ஜேம்ஸ் ஸ்டீஃபன்ஸ் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து டாப்டியோன் என்று பெயரிட்டார். பிந்தாதோவை ரோமன் எழுத்தில் எழுதினால் வரும் ஏழு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் டாப்டியோன் கிடைக்கும். விழுங்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு இதை இணைப்பவர்களும் உண்டு. ஏழு எழுத்தும் ஒன்று குறையாமல் பொருந்துவதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆக இன்று உலகமெங்கும் வழங்கும் டாப்டியோன் கேப்பென்சே என்ற பெயருக்குள் தீட்டிய துணியின் பெயரும் கலைந்த எழுத்துகளாய் ஒளிந்திருக்கிறது.

கேப் என்ற ஒட்டுக்கு அவ்வளவு நியாயமில்லை. ஆப்பிரிக்காவில் எங்குமே இப்பறவை கூடு வைப்பதில்லை. குளிர்காலத்தில் வந்துபோகிறது, அவ்வளவே. சிலி, பெரு கடற்கரையோரமாகக் குளிர்ந்த நீரோட்டத்தில் நிலநடுக்கோட்டை நோக்கிக்கூடப் போகிறது. நியூசிலாந்தின் தெற்கே ஸ்நேர்ஸ் தீவுகளில் தனித் துணையினமே கூடு வைக்கிறது. ஐரோப்பியர் முதலில் கேப் பக்கத்தில் பார்த்தார்கள் என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு காரணமில்லை. பார்த்தவன் நின்ற இடத்தை அந்தப் பெயர் சொல்கிறதே ஒழிய, பறவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைய வழக்கு இடத்துக்கு இடம் மாறுகிறது. நியூசிலாந்திலும் கப்பல்காரர் பேச்சிலும் கேப் புறா இன்னும் உயிரோடு இருக்கிறது. 1911 முதல் 1914 வரை மாசன் என்ற ஆய்வுப்பயணியின் தலைமையில் நடந்த அண்டார்டிக்கப் பயணத்தில் இப்பறவைகள் திரளாகக் கூடு வைத்திருந்த பாறைகளுக்குக் கேப் புறாப் பாறைகள் என்று வைத்த பெயர் வரைபடத்தில் நிலைத்துவிட்டது. அனைத்துலகப் பட்டியல்களில் கேப் பெட்ரல் பரவலானது. புறா அல்ல என்று தெரிந்தபின் அறிவியலாளர் பெட்ரலுக்கு மாறினார்கள். தென்னாப்பிரிக்கப் பறவை நூல்கள் பிந்தாதோப் பெட்ரல் என்கின்றன. கேப் முனையில் வாழ்கிறவர்களே கேப்பை விட்டுத் தீட்டிய பறவை என்ற பழம்பெயரைப் பிடித்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் சதுரங்கப் பலகையை நினைத்துப் பெயரிட்டார்கள். மாவோரி மக்களுக்குத் தங்கள் கடலுக்கு வரும் இப்பறவைக்கெனச் சொந்தப் பெயர்கள் உண்டு. மீன்பிடிக் கப்பல்களில் வலைக்கும் தூண்டிலுக்கும் பலியாகும் பறவைகளைக் கணக்கெடுக்கிற கண்காணிப்பாளர் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க டி.ஏ.சி. என்ற மூன்றெழுத்துக் குறியை எழுதுகிறார். ஒரு பறவை தூண்டிலில் சிக்கி இறந்தால் அது எந்த இனம் என்று ஐயமின்றிப் பதிவாக வேண்டும். பெயர்ச் சிக்கல் அகராதிக்காரரின் விளையாட்டு அல்ல என்பதற்கு அந்த மூன்றெழுத்தே சான்று. நல்லவேளையாக இந்த இனம் இன்று அழிவின் விளிம்பில் இல்லை. உறவுப் பறவைகளான ஆல்பட்ராஸ் இனங்களில் பெரும்பாலானவற்றின் நிலை அப்படியல்ல.

நம் மொழியில் கடற்பறவைப் பெயர்கள் வறண்டவை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் பகுதியில் சிறுவெண்காக்கைப் பத்து என்றே ஒரு பகுதி உண்டு. வெள்ளையான சிறு காக்கை! கரையில் வாழ்ந்தவன் தன் கடற்பறவையைக் காக்கையின் உறவாகவே கண்டிருக்கிறான். இன்று தமிழ்நாட்டுக் கரையில் வழங்கும் கடற்காக்கா என்ற சொல்லில் அந்தப் பார்வை அறுபடாமல் தொடர்கிறது. ஈராயிரம் ஆண்டு வயதுள்ள காக்கையைக் கைவிட்டு, ஐரோப்பியர் பாணியில் புறாவைப் பிடித்துக்கொள்ள நமக்கு ஒரு காரணமும் இல்லை. ஆலா என்பது அதைவிடச் சிறந்த சொல். இரண்டே எழுத்து, வேறெந்த உயிரோடும் குழம்பாது. பி.எல். சாமி சங்க இலக்கியப் புள்ளினங்களை விளக்கி எழுதிய நூலும், க. ரத்னம் ஊர் ஊராய்த் திரட்டிய பறவைப் பெயர்களும் கையில் இருக்கும்போது, புத்தகம் எழுதுகிறவர்கள் ஆங்கில அகராதியைத் திறந்து மொழிபெயர்ப்பது வருத்தம் தருகிறது.

ஜொகூர்க்காரர்களுக்கு ஆலாவோடு ஒரு வரலாற்று உறவும் உண்டு. ஜொகூர்க் கரைக்குத் தெற்கே 7.7 கடல் மைல் தொலைவில் ஒரு பாறைத் தீவு. மலாய்க்காரர் பத்து பூத்தே என்றும் போர்த்துக்கேயர் பெட்ரா பிராங்கா என்றும் அழைத்தார்கள். இரண்டுக்கும் வெள்ளைப் பாறை என்றே பொருள். லின்ஸ்கோட்டனும் அதைக் குறித்திருக்கிறார். பாறையின் நிறம் வெள்ளையல்ல. அங்கே தங்கிய கடற்பறவைகளின் எச்சம் பூசிய வெள்ளை அது. கரும்பிடரி ஆலாக்கள் கூடு வைத்த இடம். 1851இல் அதன் மேல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. அந்தப் பாறை யாருக்கு என்ற வழக்கில் 2008 மே 23 அன்று ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம் அதைச் சிங்கப்பூருக்கும், பக்கத்திலுள்ள நடுப்பாறைகளை மலேசியாவுக்கும் என்று தீர்த்தது. இரண்டு நாடுகள் நீதிமன்றம் வரை கொண்டுபோன இடத்துக்கு, இரண்டு மொழிகளில் பெயர் கொடுத்தவை ஆலாக்கள். அந்தப் பறவையின் தமிழ்ப்பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலிருப்பது சரியா?

அப்படியானால் நம் கரைக்கு வராத தென்கடல் பறவைக்குத் தமிழில் பெயர் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கடல் நமக்கு முழுக்க அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. அண்டார்டிக்காவில் கூடு வைக்கும் வில்சன் புயற்பறவை, 40 கிராம் எடை தேறாத சிறு உயிர், ஆண்டுதோறும் இலங்கை, தென்னிந்தியக் கடல் வரை வந்து திரும்புகிறது. நம் மக்களும் அந்தக் கடலின் விளிம்பைத் தொட்டிருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஒரேலி என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக்கையும், 1854இல் குவாதலூப்பையும் சென்றடைந்தது. அந்தப் பாதை நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே போனது. மாதக்கணக்கில் கடலிலேயே சென்ற அந்தக் கப்பலில் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள். கப்பல் பின்னால் தொடர்வதே வழக்கமாக உள்ள, கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவையின் கடல் அது. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து டர்பனில் இறங்கியவர்களின் வழிவந்தோர் இன்றும் வாழ்கிற கரைக்கு அப்பறவை குளிர்காலத்தில் வருகிறது. சோழமண்டலத் துணி போன வழியில் சோழமண்டல மனிதர்களும் போனார்கள். இந்த இரண்டு பயணத்துக்கும் பொதுவான பறவைக்கு நம் மொழியில் ஒரு பெயர் வேண்டும் என்பது என் உணர்வு.

நடைமுறைத் தேவையும் இருக்கிறது. மலேசிய ஆய்வாளர்கள் 1999 முதல் அண்டார்டிக்காவுக்குப் போய்வருகிறார்கள். 2011இல் மலேசியா அண்டார்டிக் உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியாவின் பாரதி நிலையம் உள்ள பிரிட்ஸ் விரிகுடாப் பகுதியில் இப்பறவை கூடு வைக்கிறது. இந்தச் செய்திகளைத் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு எழுதும்போது என்ன எழுதுவது?

கேப் புறா என்று எழுதினால் இரண்டு பொய். அது கேப்புக்கு உரியதும் அல்ல, புறாவும் அல்ல. கடற்புறா என்றால் ஏற்கெனவே இருக்கும் குழப்பம் மூன்று மடங்காகும். புயற்பறவை என்பது வில்சன் பறவை போன்ற சிறு இனங்களுக்கு ஊன்றிவிட்ட சொல். அதை இதற்கும் நீட்டக்கூடாது. பெட்ரல் என்று ஒலிபெயர்த்து எழுதலாம், நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். ஆனால் வேகமாகப் படிக்கிற கண்ணுக்கு அது பெட்ரோலாகத் தெரிகிறது. தமிழ்ப் பறவைப் பெயர்களுக்கென ஒரு வழி உண்டு: அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், மீன்கொத்தி. உறுப்பையோ தொழிலையோ பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற பெயர்கள் இவை. பெட்ரல் குடும்பத்தின் அடையாளம் அலகின் மேலிருக்கும் குழல்போன்ற மூக்கு; உடம்பில் சேரும் மிகை உப்பு அந்த வழியாகவே வெளியேறுகிறது. எனவே குடும்பப் பெயர் குழல்மூக்கன். இந்த இனத்துக்குப் போர்த்துக்கேயர் கண்ட அதே காட்சியைத் தமிழில் சொன்னால் போதும்: சித்திரக் குழல்மூக்கன். சித்திரம் தீட்டிய துணி போன கடலில் சித்திரம் தீட்டிய பறவை. முதன்முறை எழுதும்போது கேப் பெட்ரல் என்பதையும் பக்கத்தில் குறிப்பிட்டுவிட்டால் தேடிப் படிக்கிறவர் தடுமாறமாட்டார்.

இதைவிட நல்ல பெயர் யாருக்காவது தோன்றினால் நான் முதல் ஆளாக ஏற்றுக்கொள்வேன். டர்பனில் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் யாரேனும் இப்பறவையை வேறு பெயர் சொல்லி அழைப்பதாக அறிய வந்தால், என் பெயரை அப்போதே விலக்கிக்கொள்வேன். வாயில் வாழும் பெயருக்கு முன்னால் எழுதுமேசையில் பிறந்த பெயர் நிற்கக்கூடாது.

பாடநூல் எழுதும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கடற்புறாவைச் சாண்டில்யனின் கப்பலுக்கே விட்டுவிடுங்கள். கரைப்பறவைகளைக் கடற்காகம் என்றும் ஆலா என்றும் பிரித்து எழுதுங்கள். பெற்றோரிடமும் ஒன்று: அடுத்த முறை மெர்சிங் படகுத்துறையில் நிற்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்து மேலே காட்டுங்கள். வால் பிளவுபட்டிருந்தால் அது ஆலா. அந்தப் பெயரையே சொல்லிக்கொடுங்கள்.